ஏழு நாள் சும்மா

காலை ஒன்பது மணிக்கு ஓய்வகத்தின் நான்காம் மாடியில் முப்பத்தாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள். அரசு குறித்துக் கொடுத்த நேரம் அது. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை சும்மா இருக்க வேண்டும். பதினொன்றுக்கு மோர் வரும். மோர் குடித்துவிட்டு ஒரு மணி வரை மறுபடியும் சும்மா. சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். அது ஒரு சலுகை.

ஐந்தாவது நாற்காலியில் ரெஜினா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஓர் அருவிப் படம் கொஞ்சம் சாய்வாக மாட்டியிருந்தது. வேண்டுமென்றேதான். அதை நேராக்க வேண்டும் என்று யாருக்குக் கை துறுதுறுக்கிறதோ அவருக்கு ஓய்வு இன்னும் கூடவில்லை என்று பொருள். வந்த முதல் வாரத்தில் ரெஜினா அதை இரண்டு முறை நேராக்கியிருக்கிறாள். இரண்டாம் முறை தள்ளி நின்று, சரியாக இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறாள்.

இரண்டு முறையும் அவள் தோள்பட்டை எலும்பின் மேல் ஒட்டியிருந்த காசளவு வில்லை மெல்ல அதிர்ந்தது. அதற்குப் பயன்மானி என்று பெயர். நல்ல மரியாதை தெரிந்த கருவி. "நீங்கள் பயன்பட்டீர்கள்" என்றது. "உங்கள் ஓய்வு முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. நன்றி."

கருகல் நோய்க்கு அரசு கண்டுபிடித்த மருந்து இதுதான். பர்ன்-அவுட் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இப்போது கருகல் என்றார்கள். கருகியவர் தொடர்ந்து ஏழு நாள் யாருக்கும் எதற்கும் பயன்படாமல் இருக்க வேண்டும். இருந்துவிட்டால் குணமாகிவிட்டார் என்று சான்றிதழ் தந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். ஏழு நாள்தானே என்று எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். சும்மா என்றால் என்ன என்று வரையறுப்பதற்காகச் சட்டம் வருவதற்கு முன் ஒரு வல்லுநர் குழு அமைத்தார்கள். குழு இரண்டு ஆண்டு ஓயாமல் உழைத்தது. அதன் உறுப்பினர்களில் நான்கு பேர் இப்போது இதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள்.

ரெஜினாவுக்கு இன்று எண்பத்து மூன்றாவது நாள்.

தொண்ணூறு நாளைக்குள் அந்த ஏழு நாள் அமையாவிட்டால் மலைக்கு அனுப்பிவிடுவார்கள். மலையில் இருப்பது நீடித்த ஓய்வகம். போனவர்கள் எப்போது வருவார்கள் என்று மலைக்கு அனுப்பும் படிவத்தில் கேட்கவில்லை. கேட்பதற்கான கட்டம் அதில் இல்லை. ஆகவே இன்று தொடங்கும் ஏழு நாள்தான் ரெஜினாவுக்குக் கடைசி வாய்ப்பு. வீட்டில் ஒன்பது வயது மகள் ஜெனோவா இருக்கிறாள். கணவன் கப்பலில். அடுத்த வருஷம்தான் கரை இறங்குவான். அதுவரை மகளைப் பார்த்துக்கொள்ள அரசு பதிலி என்றோர் இயந்திரத்தை அனுப்பியிருந்தது. தாய் மலைக்குப் போய்விட்டால் அந்தப் பதிலி நிரந்தரமாக அந்த வீட்டிலேயே இருந்துவிடும்.

"ரெஜினாம்மா, கொஞ்சம் வாங்க" என்று ஓய்வு அலுவலர் இசக்கியப்பன் வாசலில் நின்று கூப்பிட்டார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் அவர் ஒருவர்தான். கண்ணுக்குக் கீழே பை விழுந்து, அந்தப் பைக்குக் கீழே இன்னொரு பை விழுந்திருந்தது. ஓய்வகத்தில் மிகவும் களைத்த மனிதர் அவர்தான் என்பதில் அங்கே கருத்து வேறுபாடு இல்லை.

"இன்னைக்கிருந்து எண்ணிக்கை ஆரம்பிக்கு" என்றார். "ஏழாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணி. அதுவரை பத்திரமா இருந்துக்கிடுங்க. உங்க பழைய அறிக்கையெல்லாம் பார்த்தேன். படம் நேராக்குனது ரெண்டு. சொட்டுன குழாய மூடுனது ஒண்ணு. பக்கத்துப் பெட்டுல மாத்திரை பேரு சொன்னது ஒண்ணு. மிச்சம் ஆறும் ஒரே குற்றம்."

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். தலையாட்டினால் ஆமோதித்ததாகிவிடும். ஆமோதிப்பது வேலை.

"ம்" என்றார் இசக்கியப்பன். "அதான் அந்தக் குற்றம்."

கை வேலை, மூளை வேலை எல்லாவற்றையும் இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட பிறகு மனிதர்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வேலைதான். இன்னொரு மனிதர் பேசும்போது கேட்பது. மருத்துவமனை, வங்கி, காவல் நிலையம் எங்கு பார்த்தாலும் முடிவை இயந்திரம் எடுத்தது. பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து, வந்தவர் சொல்வதற்கு உம் கொட்டிக்கொண்டிருந்தார். மனிதக் காது உரிமைச் சட்டம் என்று ஒன்று வந்து அதைக் கட்டாயமாக்கியது. உம் கொட்டுவது அரசாங்க ஊதியத்துக்குரிய உழைப்பான பிறகு, ஓய்வில் இருப்பவர் உம் கொட்டினால் அது உழைப்பில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? சட்டம் இதில் மிகத் தெளிவாக இருந்தது.

ரெஜினா பாளையங்கோட்டை அவசர அழைப்பு மையத்தில் பதினோரு வருஷம் கேட்பாளராக இருந்தாள். அழைப்பு வந்ததும் இடத்தைக் கண்டுபிடிப்பது, வண்டி அனுப்புவது, நெஞ்சை எப்படி அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது எல்லாம் இயந்திரம். வண்டி போய்ச் சேரும் வரை "ம்… சொல்லுங்க… ம்" என்பது ரெஜினா. ஒரு ஷிப்டில் எண்பது பேர் அழுவார்கள். எண்பது பேருக்கும் ஒரே அளவு 'ம்' போக வேண்டும். தரக்கட்டுப்பாடு உண்டு.

பத்தாவது வருஷத்தில் அவளுக்கு ஒரு வசதி உண்டாயிற்று. கேட்காமலே உம் கொட்ட வந்துவிட்டது. எதிராளி மூச்சு விடும் இடம் பார்த்துத் தொண்டை தானாக ஒலித்தது. வேலையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தர மதிப்பெண்கூடக் கொஞ்சம் ஏறியது. கண்டுபிடித்தவள் ஜெனோவாதான். ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள் அதே குரலில், "அப்புறம் நான் செத்துப்போயிட்டேம்மா" என்றாள்.

"ம்" என்றாள் ரெஜினா.

"அப்புறம் என்னயக் குழில போட்டு மூடிட்டாங்க."

"ம்."

ஜெனோவா அதற்கு மேல் சொல்லவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சில்லாத இடம்தான் ரெஜினாவுக்குக் கேட்டது. மறுநாள் காலையில் அவளே போய் ஓய்வுக்கு விண்ணப்பம் கொடுத்தாள். திரும்பி வந்து பிள்ளை சொல்வதை ஒழுங்காகக் கேட்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஓய்வு என்று ஜெனோவாவிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

இசக்கியப்பன் சுவரில் சாய்ந்து நின்றார். "நான் இதை எதுக்குச் சொல்லுதேன்னா, உங்க மேல எனக்கு அக்கறை இருக்கு. எம்மேல அக்கறப்பட ஆளு இல்ல, அது வேற விஷயம். மூணு வருஷமா எடமாற்றம் கேக்கேன். நானும் கருகிட்டேன்னுதான் எழுதிக் கொடுக்கேன். பரிசோதனைல ஒரு புள்ளி குறையுதாம். இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டுட்டு வாங்கன்னுட்டான். வீட்டுல அவ பேசியே நாளாச்சு…"

அவர் நிறுத்தினார். ஒரு 'ம்' விழ வேண்டிய இடம் அது. அறுபத்தோராம் நாள் இதே இடத்தில் இதே கதைக்கு ரெஜினா உம் கொட்டி, அந்தக் குற்ற அறிக்கையை இசக்கியப்பனே 'வருத்தத்துடன்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.

ரெஜினா மூச்சை உள்ளே இழுத்தாள்.

அது மைமூன் அக்கா கண்டுபிடித்த உத்தி. மைமூன் பீவி பக்கத்துக் கட்டில். மேலப்பாளையத்துக்காரி, ஐம்பத்திரண்டு வயது. ஒரு திருமண மண்டபத்தில் முறையீடு கேட்பாளராக இருந்து, இருபது வருஷம் சம்பந்திகளின் சண்டையைக் கேட்டுக் கருகியவள். முதலில் இருவரும் வாயில் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். பயனில்லை. 'ம்' சொல்ல வாயைத் திறக்க வேண்டியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பல்லைக் கடித்தாலும், துணியை அடைத்தாலும் அது மூக்கு வழியாக வந்துவிடும். பிறகு மைமூன்தான் சொன்னாள். "மூச்ச உள்ள இழுத்துக்கிட்டே ம் சொல்லிப் பாரு, வராது. அவுக நிறுத்துற எடத்துல எல்லாம் உள்ள இழு." இந்த யோசனை சொன்னதற்காக மைமூனின் ஓய்வு முதல் நாளுக்குப் போய்விட்டது.

இப்போது மைமூனுக்கு எண்பதாவது நாள். எண்ணிக்கையில் இரண்டாம் நாள். அவளும் தப்பித்துவிடும் கணக்கில்தான் இருந்தாள்.

அவளுக்கு உள்ள ஒரே சிக்கல், பேசாமல் இருக்க முடியாது. பேசுவது குற்றமில்லை. தன் கதையைச் சொல்வது ஓய்வு, பிறர் கதைக்கு உம் கொட்டுவதுதான் உழைப்பு. ஆகவே அந்த மாடியில் முப்பத்தாறு பேரும் நாள் முழுக்கப் பேசினார்கள். யாரும் யாருக்கும் உம் கொட்டவில்லை. புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் பயமாக இருக்கும்.

"ஏளா ரெஜினா, எம் மருமவ இருக்காள்லா" என்று மைமூன் அன்று மத்தியானம் கட்டிலில் சாய்ந்தபடி தொடங்கினாள். "அவ நல்லவதான். அத மொதல்ல சொல்லிருதேன். ஆனா வாப்பா வீட்டுக்குப் போயிட்டு வந்தா மூணு நாளைக்கு மொகத்தப் பாக்க முடியாது…"

ரெஜினா மூச்சை இழுத்தாள்.

"எனக்குப் பதிலா பதிலி வந்தபொறவு அவளும் அதுவும் ஒரே ஒட்டாம். மாமிய விட அது தேவலையாம். எம் மவன் வந்து எங்கிட்டயே சொல்லுதான், சிரிச்சிக்கிட்டு. எனக்கு எப்படி இருக்கும், சொல்லு."

இழுத்தாள். முதல் நாள் தாண்டியது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நான்காம் நாள் காலையில் விலாவில் குத்து எடுக்க ஆரம்பித்தது. மைமூனின் கதையில் மருமகள் இப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளை தங்கவில்லை. "ஆறு மாசம், ரெஜினா" என்று சொல்லி மைமூன் நிறுத்தியபோது ரெஜினாவின் நெஞ்சு முட்ட ஏற்கெனவே காற்று இருந்தது. மேலே இழுக்க இடமில்லை. தொண்டை அடியில் அந்தச் சத்தம் வந்து நின்றது. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மைமூன் அதைப் பார்த்தாள். உடனே வாயை மூடிக்கொண்டாள்.

அன்று முழுவதும் அவள் பேசவில்லை. மோர் வந்தபோது பேசவில்லை. மத்தியானம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இருபது வருஷம் சம்பந்திமார்களிடம் வாங்கியதையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தவள் கொட்டாமல் அடக்கிக்கொண்டு கிடந்தாள். மூன்று மணி சுமாருக்கு அவள் தோளில் இருந்த பயன்மானி அதிர்ந்தது.

"நீங்கள் இன்னொருவர் நலனுக்காகப் பேசாமல் இருந்தீர்கள்" என்றது. அதற்குள் எண்ண உணரி என்று ஒரு சென்சார் உண்டு. செயலை மட்டுமல்ல, எதற்காகச் செய்கிறோம் என்பதையும் அது படிக்கும். "இது சேவை. உங்கள் ஓய்வு முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. நன்றி."

மைமூன் எழுந்து உட்கார்ந்தாள். விரல் விட்டு எண்ணினாள். எண்பத்து மூன்றோடு ஏழு, தொண்ணூறு. ஒரு நாள்கூட மிச்சம் இல்லாமல் சரியாக இருந்தது. ஆனால் இனி ஒருமுறைகூடத் தவறக் கூடாது என்று நினைத்த மாத்திரத்தில் ரெஜினாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். ரெஜினா இரண்டு கைகளாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி, அழுதுகொண்டிருந்தாள்.

"சரி, வுடு" என்றாள் மைமூன். "உம்மேல தப்பில்ல. நான்லா வாய மூடுனேன். எங்க வீட்டுலயும் அதத்தான் சொல்லுவாவ, நீ வாய மூடுனா ஊருக்கே ஆவாதுன்னு."

பயன்மானி மறுபடி அதிர்ந்தது. "நீங்கள் ஆறுதல் கூறினீர்கள்" என்று தொடங்கியது. ஒரே நாளில் இரண்டாவது தவறு என்றால் ஒருநாள் தண்டனை உண்டு. அத்தோடு மைமூனின் கணக்கு தொண்ணூறைத் தாண்டியது. மாலையில் இசக்கியப்பன் வந்து மலைக்கான பட்டியலில் அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

"மலைல குளிராம்" என்றாள் மைமூன், யாரையும் பார்க்காமல். "சால்வ குடுப்பாவளாம். நல்ல சால்வயாம்."

ரெஜினா ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பது உறவைச் செப்பனிடும் உழைப்பு. தடை செய்த வேலைகளின் பட்டியலில் நாற்பத்திரண்டாவதாக இருக்கிறது. மைமூன் அன்றிரவே கட்டிலை மாற்றிக் கேட்டு, மூலைக்குப் போய்விட்டாள். அங்கே சுவரைப் பார்த்துத் தன் மருமகள் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ரெஜினா படுக்கையிலிருந்து அதைக் கேட்டாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு தெளிவாக எதுவும் அவள் காதில் விழுந்ததில்லை. அந்த வகையில் ஓய்வு வேலை செய்யத்தான் செய்தது.

ஏழாம் நாள் காலை இசக்கியப்பன் முகத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"ஒரு சின்னச் சங்கடம். இன்னைக்குப் பாத்தீங்கன்னா பார்வையாளர் நாளு. மக வாரா. நாலரை மணிக்கு."

ரெஜினா அவரைப் பார்த்தாள்.

"வேண்டாம்னு சொல்லலாம். சொல்லணும்னா பதினாறாம் எண் படிவம் பூர்த்தி பண்ணணும். படிவம் பூர்த்தி பண்றது வேலை." அவர் கொட்டாவியை அடக்கினார். "நீங்க பேசாம இருந்துருங்க. அரை மணி நேரம்தான. அஞ்சு மணிக்கு முடிஞ்சிரும். நாளைக்குக் காலைல நீங்களே வீட்டுக்குப் போயி அவ பக்கத்துல உக்காந்து ஆயுசுக்கும் உம் கொட்டலாம். எல்லாம் யோசிச்சுப் பாருங்க. இல்ல, யோசிக்காதீங்க, அதுவும் வேலதான்."

பார்வையாளர் அறையில் கண்ணாடித் தடுப்பு எதுவும் இல்லை. ஒரு மேசை, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் இரண்டு. ஜெனோவா பள்ளிச் சீருடையில் வந்தாள். இரட்டைச் சடை, ஒரு முடி பிசிறவில்லை. அவளுக்குப் பின்னால் பதிலி வந்தது. சாம்பல் நிற ரப்பர் முகம், அதில் கண் இருக்கும் இடம் தெரியும்படி இரண்டு குழி. பிள்ளை பயப்படக் கூடாது என்று ரெஜினாவின் ஊதாச் சுடிதாரைப் போட்டிருந்தார்கள். அளவு அதற்குத்தான் தைத்தது போல் இருந்தது.

"அம்மா" என்றாள் ஜெனோவா, உட்காராமல். மேசை மேல் கையை வைத்து எட்டிப் பார்த்தாள். "நீ பேசக் கூடாதாம்லா. இது சொல்லிச்சு. பரவால்ல. நான் சொல்லுதேன், நீ கேளு."

ரெஜினா அவள் முகத்தையே பார்த்தாள். பார்க்கலாம். புன்னகைக்கவும் செய்யலாம், ஆனால் எதிரில் இருப்பவருக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று புன்னகைக்கக் கூடாது. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் ரெஜினா முகத்தை அப்படியே வைத்திருந்தாள்.

"யார்ட்டயும் சொல்லல. உன்ட்டதான் சொல்லணும்னு வெச்சிருக்கேன்." பிள்ளை எச்சில் விழுங்கினாள். "திங்கக்கெழம ஆண்டு விழாவுக்கு ஒத்திக பாத்தாங்க."

நிறுத்தினாள். ரெஜினா மூச்சை இழுத்தாள்.

"நாந்தான் மொதல்ல மேடைல போயி வரவேற்புச் சொல்லணும். கிரேஸ் டீச்சர் என்னயத்தான் எடுத்தாங்க."

இழுத்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து. இன்னும் இருபத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதைப் பயன்மானி கண்டுகொள்ளவில்லை.

"மேல ஏறுனேன். எல்லாரும் பாத்தாங்க. பாத்த உடனே எனக்கு…" ஜெனோவாவின் காது மடல் சிவந்தது. "அம்மா, கேக்கியா?"

ரெஜினாவுக்குக் கேட்டது. மேடைப் பலகை கிரீச்சிடுவதுகூடக் கேட்டது. என்ன நடந்திருக்கும் என்று சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ரெஜினா தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது.

"எனக்கு மேடைலயே ஒண்ணுக்கு வந்துட்டும்மா."

ஜெனோவா காத்திருந்தாள். இது நீண்ட இடைவெளி. அம்மாவின் முகத்தில் எதையோ தேடினாள். இடது கண்ணைப் பார்த்தாள், பிறகு வலது கண்ணை. ஒரு காலத்தில் செத்துப்போயிட்டேன் என்று சொன்னபோதுகூட அங்கே ஒரு சத்தம் இருந்தது. அவள் உதடு கோணியது.

"ம்" என்றது பதிலி.

சத்தமாக இல்லை. அவசரமாகவும் இல்லை. விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அது ரெஜினாவின் குரல்தான். பதினோரு வருஷத்து ஒலிப்பதிவுகளில் இருந்து பொறுக்கி எடுத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், யாரோ ஒருவர் அழுதபோது உண்மையாகவே மனசு இளகிச் சொன்ன 'ம்'. அழைப்பு மையத்தில் மனிதக் காது கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது.

ஜெனோவா பாதி திரும்பினாள். "எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள்.

"ம்."

"கிரேஸ் டீச்சரும் சிரிச்சாங்க. வாய மூடிக்கிட்டு."

"ம்."

"வேற பாவாட இல்ல. வீட்டுக்கு வார வரைக்கும் அதோடதான் இருந்தேன்."

"ம்… சொல்லு."

பிள்ளை முழுதாகத் திரும்பிவிட்டாள். ரெஜினாவுக்கு அவள் முதுகும் இரண்டு சடையும்தான் தெரிந்தன. சடைகள் குலுங்கின. பதிலியின் ரப்பர்க் கை ஒன்று எழுந்து அவள் தலை மேல் அமர்ந்தது. ஜெனோவா அழுது, மூக்கை உறிஞ்சி, இன்னும் ஏதேதோ சொன்னாள். யார் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், என்ன பெயர், எத்தனை நாள். எல்லாவற்றுக்கும் 'ம்' கிடைத்தது. நாலு ஐம்பதுக்குப் பார்வை நேரம் முடிந்ததாக மணி அடித்தது. போகும்போது அம்மாவைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வது போல், "போயிட்டு வாரேன்" என்றாள்.

ரெஜினா நாற்காலியிலேயே இருந்தாள். ஐந்து மணிக்கு வில்லை அதிர்ந்தது.

"வாழ்த்துகள். நீங்கள் ஏழு நாள் யாருக்கும் பயன்படவில்லை. உங்கள் ஓய்வு முழுமையடைந்தது."

இசக்கியப்பன் வாசலில் நின்று கை தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்குப் பயன்மானி கிடையாது.

அடுத்த நாள் பேருந்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. உரியவர் திரும்பிய ஒரு மணி நேரத்துக்குள் பதிலி வெளியேற வேண்டும் என்பது விதி. அது சுடிதாரைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்தது. ரெஜினாவிடம் பிள்ளைக்கு எந்தக் காய் பிடிக்கவில்லை, எந்தக் கணக்கு வரவில்லை என்று ஒரு பட்டியலைக் கொடுத்தது. பிறகு தெருவில் நின்ற இலாகா வண்டியில் ஏறி, முழங்காலை மடித்து உட்கார்ந்து, அணைந்துபோனது. வண்டி முக்குத் திரும்பும் வரை ஜெனோவா வாசலில் நின்றாள்.

ரெஜினா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுக்கு அது கொஞ்சம் அதிகம். கால் தரையில் இழுத்தது.

"அந்த ஒத்திகைல நடந்தத சொல்லு தங்கம். அம்மா கேக்கேன். இப்ப அம்மா நல்லாக் கேப்பேன்."

"அதான் சொல்லியாச்சே."

"யார்ட்ட சொன்ன?"

"உன்ட்டதான்" என்றாள் ஜெனோவா, புரியாமல்.

அந்த வாரம் முழுக்க அவள் நல்ல பிள்ளையாக இருந்தாள். கேட்டால் பதில் சொன்னாள். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்றாள். பள்ளிக்கூடம் எப்படி என்றால் நல்லாருக்கு என்றாள். ரெஜினா அவள் எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, 'ம்' போடத் தயாராகக் காத்திருந்தாள். போடுவதற்கு அங்கே ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் பின்கட்டில் பிள்ளையின் குரல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அலமாரியைத் திறந்து வைத்து மடித்த சுடிதாரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மாவைக் கண்டதும் கதவைச் சாத்திவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து இருவரும் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெனோவா செருப்பு வாரை இழுத்தபடி, தானாக வாயைத் திறந்தாள். ரெஜினா செருப்பைக் கழற்றுவதை நிறுத்தினாள். அசையாமல் இருந்தாள்.

"அம்மா, நீ மறுபடியும் எப்ப ஓய்வுக்குப் போவ?"

"எதுக்குட்டி?"

"அப்பதான அதத் திருப்பி அனுப்புவாங்க." பிள்ளை தலையைத் தூக்கவில்லை. ஒரு சின்ன உதவி கேட்பதுபோல, கிடைக்காது என்று தெரிந்தே கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டாள். "நீ நல்லாக் களைச்சுப் போனாத்தான் தருவாங்களாம். டீச்சர் சொன்னாங்க."

ரெஜினா தெருவைப் பார்த்தாள். அவளுக்கு நல்ல ஓய்வு கிடைத்திருந்தது. தலை தெளிவாக இருந்தது, எதையும் சட்டென்று யோசிக்க முடிந்தது. போன தடவை கருகப் பதினோரு வருஷம் ஆயிற்று. அது ஒரே ஷிப்டில். மையத்தில் மூன்றாம் மேசை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் தண்ணீரில் விழுந்த அழைப்பெல்லாம் அங்கேதான் வரும். அந்த நாற்காலியில் ஒருவரும் ஆறு மாதம் தாண்டியதில்லை. இரண்டு ஷிப்டும் அங்கேயே உட்கார்ந்தால்…

"கிறிஸ்மஸுக்குள்ள போயிருவேன்" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமா."

ஜெனோவா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். திரும்பி வந்த பிறகு முதல் முறையாக அவள் முகம் முழுக்கச் சிரித்தது. நகர்ந்து வந்து, அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் ரெஜினா மூன்றாம் மேசைக்கு எழுதிக் கொடுத்தாள்.